ஜீப்புக்குள் மழையா?

கித்தான் கூரை போட்ட ஜீப்பில், மழை நாளில், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறியிருக்கிறீர்களா? குன்னூரை எட்டுவதற்குள் முன்கண்ணாடியின் உட்புறம் வெண்மையாக மூடிக்கொள்ளும். மழை உள்ளே புகுந்துவிட்டதென்று பக்கத் திரைகளை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். அங்கேதான் தவறு.

கண்ணாடியில் படிவது மழைநீர் அன்று. நம் மூச்சில் வந்த நீராவி. ஒரு கனமீட்டர் இடத்தில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவி இருக்க முடியும். 10 டிகிரியில் 9 கிராம்தான். மழை கண்ணாடியைக் குளிர்விக்கிறது. அதன் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே இறங்கியதும், மிகுதி நீராவி துளிகளாகிவிடுகிறது. திரையை இறுக்கினால் நீராவி வெளியேற வழி ஏது? இருபுறமும் விரற்கடை அளவு திறந்து வையுங்கள். வெளியே மூடுபனியாயினும் பயனுண்டு. அக்குளிர்காற்று உள்ளே வந்து சூடேறியதும் மேலும் நீராவியை ஏற்கும். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் லாரி தெரிய வேண்டுமல்லவா!

கூரை ஒழுகுவதும் உண்டுதான். நனைந்த கித்தானின் இழைகளுக்கிடையே உள்ள நீரைப் பரப்பு இழுவிசை பிடித்து நிறுத்துகிறது. உள்ளிருந்து விரலால் தொட்டால் அவ்விடத்தில் சொட்டத் தொடங்கும். (சிறுவயதில் நானும் தொட்டவன்தான், திட்டும் வாங்கியவன்.)

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மழையில்லாத குளிர் இரவொன்றில் வண்டியை மூடி நிறுத்துங்கள். காலையில் உட்கூரை நனைந்திருந்தால் ஓட்டையைத் தேட வேண்டா. முன்பே நனைந்த மிதியடியையும் இருக்கை மெத்தையையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாயிருந்தால், எடுத்து வெயிலில் போடுங்கள்.