கடல் திரும்பும் மூலையில் ஒரு மான் காடு! கோடியக்கரைக்குப் போகலாமா?

தமிழ்நாட்டு வரைபடத்தில் நாகப்பட்டினத்தில் விரலை வைத்து, கடலோரமாகவே தெற்கே இறக்கிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் கரை சட்டென்று மேற்கே மடங்கும். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அந்த மூலைதான் கோடியக்கரை. 'கோடி' என்றால் கடைசி, முனை. ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பழைமையான கோயில், சுதந்திரப் போராட்ட நினைவிடம், காடு, கடற்கரை, ஆயிரக்கணக்கான பறவைகள்... எல்லாம் சில கிலோமீட்டர் தூரத்துக்குள். விடுமுறையில் குடும்பத்தோடு போய்வர அருமையான இடம்.

உப்பு எடுத்த மண்

பயணத்தை வேதாரண்யத்தில் தொடங்கலாம். பழைய பெயர் திருமறைக்காடு. நெடுங்காலம் அடைத்துக்கிடந்த கோயில் கதவு அப்பர் பாடியதும் திறந்தது, சம்பந்தர் பாடியதும் மூடியது என்பது இந்தத் தலத்தின் வரலாறு.

அங்கிருந்து கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியன்பள்ளி. சாலையோரம் உப்பளங்களும் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களும் கண்ணில் படும். 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டுதான் அவர்களுக்கு வழித்துணை. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்தார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள்! ஏப்ரல் 30-ம் தேதி, இந்த அகஸ்தியன்பள்ளியில்தான் தடையை மீறி உப்பு எடுத்துக் கைதானார் ராஜாஜி. அதன் நினைவாக இங்கே ஸ்தூபி நிற்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள், வண்டியை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

பூங்குழலியின் கடற்கரை

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடியக்கரை புதிய ஊர் அல்ல. வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்கு அழைத்துப்போன பூங்குழலியின் ஊர் இது. கதையில் வரும் குழகர் கோயில் இன்றும் இருக்கிறது. இங்கே வந்த சுந்தரர், ஆளரவமற்ற கடற்கரையில் இறைவன் இப்படித் துணையின்றி இருக்கிறாரே என்று மனம் கலங்கித் தேவாரம் பாடினார்.

சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்றும் கரையில் நின்றது. 2004 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது.

மான்களும் விருந்தாளிகளும்

இனி காட்டுக்குள் போகலாம். வெளிமான்களைக் காப்பதற்காகவே 1967-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். வெளிமானில் ஆண்தான் அழகு. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, திருகித் திருகி மேலே போகும் நீண்ட கொம்புகள். பெண் மானுக்குக் கொம்பு கிடையாது, உடல் இளம்பழுப்பு. மிரண்டுவிட்டால் மொத்தக் கூட்டமும் துள்ளிப் பாயும். அந்தப் பாய்ச்சலைப் பார்க்க இரண்டு கண்கள் போதாது. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு எல்லாமும் உண்டு.

மழைக்காலம் தொடங்கியதும் சதுப்பு நிலத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். பூநாரை, உள்ளான், ஆலா என்று வகைவகையான பறவைகள். உள்ளான்களில் பல, வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப் பிரதேசங்களிலிருந்து பறந்து வருபவை. பூநாரையின் இளஞ்சிவப்பு நிறம் அது சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து வருவது. உப்புநீரில் வளரும் பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சல்லடைபோல வடிகட்டிச் சாப்பிடும். பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவற்றின் பயணத்தை அறியும் ஆய்வை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக இங்கே செய்துவருகிறது. 2002-ல் இந்தப் பகுதி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

மானுக்கு வேறு இடம் இல்லை

காட்டுக்குள் ராமர் பாதம் என்று ஒரு மேடு இருக்கிறது. சரணாலயத்திலேயே உயரமான இடம் இதுதான். உயரம் எவ்வளவு? கடல் மட்டத்திலிருந்து வெறும் 4 மீட்டர்!

இந்த 4 மீட்டரில்தான் மான்களின் கவலை இருக்கிறது. பருவம் மாறினால் பறவை பறந்துவிடும். மான் எங்கே போகும்? கிழக்கிலும் தெற்கிலும் கடல், மற்ற பக்கங்களில் சதுப்பும் உப்பளமும் ஊரும். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் 'கஜா' புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, காட்டில் மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. மான்கள் பல இறந்தன.

புயல் எப்போதாவது வருவது. அன்றாடம் மானின் இடத்தைப் பிடிப்பது சீமைக்கருவேலம். வெளிமான் திறந்த புல்வெளியில் வாழும் விலங்கு. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, ஓடித் தப்பிக்கும். புல்வெளியில் முள்மரம் அடர்ந்தால் மேயப் புல்லும் இல்லை, ஓட இடமும் இல்லை. எப்போதோ மனிதர்கள் வளர்த்து, பிறகு காட்டில் பெருகிவிட்ட குதிரைகளும் அதே புல்லுக்குப் போட்டி போடுகின்றன. கோடையில் நல்ல தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அதனால் சீமைக்கருவேலத்தை அகற்றுவதும், தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவதும் வனத்துறைக்கு ஓயாத வேலை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* பறவைகளைப் பார்க்க அக்டோபர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். மான்களைக் கோடையில் நன்றாகப் பார்க்கலாம். இரண்டுக்குமே அதிகாலையும் மாலையும்தான் நல்ல நேரம்.

* திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை ரயில் பாதை இருக்கிறது. சாலை வழியாக வந்தால் நாகை அல்லது திருத்துறைப்பூண்டி வழியே வேதாரண்யம் வந்துவிடலாம்.

* தண்ணீர், தின்பண்டங்களை வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காலி பாட்டிலையும் பையையும் மறக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

* குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். மானைப் படமெடுக்க வண்டியில் துரத்தாதீர்கள், ஹாரன் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். மேய்ந்துகொண்டே மான் பக்கத்தில் வர வாய்ப்பு உண்டு.