உருண்டைக் கல்லெல்லாம் முட்டை அல்ல, ஆனாலும் உடைக்காதீர்கள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரியில் மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. “டைனோசர் முட்டை” என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி பறந்தது; வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அவை முட்டைகள் அல்ல, கடலடிச் சேற்றில் உருவான கற்கள் என்று புவியியல் அறிந்தவர்கள் சொன்னார்கள். வதந்தி போன தூரம் அந்த விளக்கம் போகவில்லை. இன்றும் உருண்டைக் கல் ஒன்று கிடைத்துவிட்டால், சம்மட்டியை எடுத்து ஒரே போடு, உள்ளே கரு இருக்கிறதா என்று பார்க்க!

கருவெல்லாம் இருக்காது. உடைத்த கல்லின் நடுவில் வேறு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால், அதுவே அது முட்டை அல்ல என்பதற்குப் பெரும்பாலும் அடையாளம். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் பெரும்பாலான பாறைகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலில் படிந்தவை. அந்தச் சேற்றில் கிடந்த ஒரு சிப்பியையோ, அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓட்டையோ சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, வெங்காயம் போல அடுக்கடுக்காகக் கெட்டியாகி உருண்டையாகிறது. ஆங்கிலத்தில் கான்கிரீஷன் என்பார்கள்.

உடைக்காமலே பார்க்க வழிகள் உண்டு. முதலில் அளவு. குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த டைனோசர் முட்டைகள் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. விட்டம் உடையவை. உங்கள் கல் ஒரு முழத்துக்கு மேல் இருந்தால் ஆசையை விட்டுவிடலாம். ஒரே குழியில் எலுமிச்சை அளவில் ஒன்று, பூசணி அளவில் ஒன்று என்று கிடந்தாலும் அப்படியே. ஒரு கூட்டில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அடுத்து ஓடு, இதுதான் முக்கியம். ஏற்கெனவே விண்டுபோன ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முட்டையானால் சில மில்லிமீட்டர் தடிமனில், உள்ளிருக்கும் கல்லிலிருந்து தனித்துத் தெரியும் ஓடு இருக்கும். அதன் மேல்புறம் நுண்ணிய பரு பருவாக இருக்கும். வினிகர் ஊற்றி நுரை வருகிறதா என்று சோதிப்பது வீண்வேலை. சுண்ணாம்பு எதுவானாலும் நுரைக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீர்ப்பு சொல்லும் தகுதி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மத்திய இந்தியாவின் மோகாவ்ன் கலானில் எடுக்கப்பட்ட ஓர் அகேட் கல், 1883 முதல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வெறும் மணிக்கல்லாகத்தான் இருந்தது. அது டைனோசர் முட்டை என்ற அறிவிப்பு 2023-இல்தான் வந்தது. நம் அரியலூரிலும் கல்லமேட்டுப் படிவுகள் கடலில் அல்ல, ஆற்றில் படிந்தவை. அங்கே டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே நூற்றில் ஒன்று உண்மையாக இருக்கலாம். அந்த ஒன்றை உடைத்துவிடாதீர்கள்.

கிடைத்தால் என்ன செய்வது? கல்லை இடத்தை விட்டு அசைக்காதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்பது போய்விட்டால் கல்லின் மதிப்பில் பாதி போயிற்று. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். கைபேசியில் இடக்குறியீட்டைப் பதியுங்கள். கழுவ வேண்டாம், வார்னிஷ் அடிக்க வேண்டாம். ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தால் அந்த மூலையில் மட்டுமாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு மனு. கிராமம், வட்டம், புல எண், பட்டாவா புறம்போக்கா, எத்தனை அடி ஆழம், கிடைத்த தேதி, இவை கட்டாயம். படங்களை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிடுங்கள். அதே வளாகத்தில் இருக்கும் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்துக்கு ஒரு நகல். சென்னை கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இன்னொன்று, பதிவுத் தபாலில். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். “பார்க்கலாம்” என்பார், பார்ப்பதற்குள் கல் யார் வீட்டுத் திண்ணைக்கோ போய்விடும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ஒப்புகை ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு, கொடுக்காத மனு.

விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: புதைபடிவங்கள் உள்ளிட்ட புவியியல் மரபுச் சின்னங்களுக்கென்று 2022-இல் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. வரைவை வைத்து யாரையும் தண்டிக்க முடியாதுதான். அதற்காக ஏரியிலும் புறம்போக்கிலும் அனுமதியின்றித் தோண்டினால் கனிமச் சட்டம் சும்மா விடாது. “டைனோசர் முட்டை, லட்ச ரூபாய்” என்று இணையத்தில் முன்பணம் கேட்பவன், இரிடியம் விற்பதாகச் சொல்லி ஏமாற்றிய கும்பலின் தம்பி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

மனு கொடுத்தும் யாரும் வரவில்லையா? அது நடக்கக்கூடியதே. மனு கொடுத்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “எனது மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன” என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை கல்லை மண்ணாலோ சாக்காலோ மூடி வையுங்கள். சம்மட்டியை மட்டும் எடுக்காதீர்கள்.