சட்டி போய் வந்த தெரு

எண்பதுகளில் புத்தளத்தில் எங்கள் தெருவில் இடியப்பம் அவித்து விற்ற மாமி ஒருவர் இருந்தார். சுபஹ் பாங்குக்கு முன்பே அவருடைய அடுப்பில் பாளையும் சிரட்டையும் எரியத் தொடங்கிவிடும். ஆறு மணிக்கு நான் ஒரு கையில் அலுமினியச் சட்டியும் மறு கையில் தூக்குச்சட்டியுமாகப் போய் நிற்பேன். பிரம்புத் தட்டுகளிலிருந்து இடியப்பங்களை ஒவ்வொன்றாக உரித்துச் சட்டியில் அடுக்குவார். தூக்குச்சட்டியில் சொதி, வாட்டிய வாழையிலைத் துண்டில் சம்பல். நான் காசு கொடுத்த நாட்கள் குறைவு. சுவரில் ஆணியில் தொங்கும் கொப்பியில் மாமி ஒரு கோடு இழுப்பார். சம்பள நாளில் வாப்பா போய்க் கணக்கைத் தீர்ப்பார்.

விருந்தாளி வந்த நாட்களில் எங்கள் சட்டி போதாது. மாமி தன் சட்டியையே தந்துவிடுவார். அதை வெறுமையாகத் திருப்பி அனுப்ப உம்மா விடமாட்டார். இரண்டு முட்டையாவது ஒரு பிடி நெத்தலிக் கருவாடாவது உள்ளே இருக்கும். மாமியின் இடியப்பத்தின் விலையில் எது எங்கே போகிறது என்பது தெருவுக்கே தெரிந்த கணக்கு. மா எந்தக் கடையில், தேங்காய் எந்தத் தோட்டத்தில், விறகு பொறுக்குவது யார் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மாமிக்கு மிஞ்சியது எவ்வளவு என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அவருடைய மகளின் கல்யாணத்தில் அதுவும் தெரிந்துவிட்டது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரைக்கு வந்தார்கள். கற்பிட்டியிலும் பாலாவியிலும் புத்தளத்தைச் சுற்றிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. கையில் ஒன்றுமில்லாமல் வந்த பெண்கள் சிலருக்கு முதலில் கைகொடுத்தது அடுப்புத்தான். எங்கள் பக்கத்தில் அப்பமும் இடியப்பமும் விற்கும் வீடுகள் கூடியது அப்போதுதான். அங்கேயும் சட்டி கொண்டுபோனால்தான் சாப்பாடு.

வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மீன்காரர் சைக்கிளில் பெட்டி கட்டி வாசலுக்கு வந்தார். சூன் பாண் ஓட்டோ பீத்தோவனின் மெட்டைப் பாடிக்கொண்டு இன்றும் வருகிறது. பிள்ளைகளுக்கு அது பீத்தோவன் என்று தெரியாது, மாலு பணிசின் பாட்டு என்றுதான் தெரியும்.  பஸ் நிலையத்து ஹோட்டலில் சோற்றுப் பார்சல் சொன்னால் கடைப் பொடியன் சைக்கிளில் கொண்டுவந்து தருவான். அவனுக்குச் சில்லறை கொஞ்சம், வெயில் நேரமென்றால் ஒரு பிளேன்டீ. விநியோகக் கட்டணம் அவ்வளவுதான். எல்லாம் கண்முன்னே நடந்தது.

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பொடியனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருக்கும். பள்ளிக்குப் போயிருக்க வேண்டியவன். பழைய காலம் எல்லாருக்கும் இனித்ததில்லை.

போனில் சாப்பாடு சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் வேர்பிடித்தது ஊரடங்கில். 2020 மார்ச் 18ஆம் திகதி, நாடு முழுவதும் அடைபடுவதற்கு இரண்டு நாள் முன்னரே, புத்தளத்தில் பொலிஸ் ஊரடங்கு போட்டார்கள். வென்னப்புவ, மாரவில கரையோரத்தில் இத்தாலிக்குப் போய் உழைக்கும் குடும்பங்கள் அதிகம். அங்கிருந்து திரும்பியவர்களால் நோய் பரவும் என்ற பயம். கடைகள் பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் வாட்ஸ்அப் குழுக்கள்தான் சந்தை. மீன் என்ன இருக்கிறது, யார் வீட்டில் புரியாணி போடுகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் வந்தது. ஊரடங்கு போன பிறகும் பழக்கம் போகவில்லை.

ஊபர் ஈட்ஸ், பிக்மீ ஃபூட் போன்ற செயலிகள் கொழும்பில் 2018ஐ ஒட்டித்தான் காலூன்றின. அவற்றுக்கு நெருக்கமான ஊர் வேண்டும். கூப்பிடு தூரத்தில் பத்து சமையலறை, அதைச் சுற்றி ஆயிரம் வயிறு. எங்கள் புவியியல் அப்படி அமையவில்லை. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் ஒரே தெரு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். அதனால் எங்கள் பக்கம் அதிகம் ஓடுவது இன்னும் வாட்ஸ்அப்பும் தெரிந்த பையனின் மோட்டார் சைக்கிளும்தான். மாவட்டத்தின் தென் எல்லையான மா ஓயாவைத் தாண்டினால் உலகம் வேறு.

அந்த உலகத்தை நான் சரியாகப் பார்த்தது நீர்கொழும்பில், தங்கச்சி மகன் வீட்டில். இரவு ஒன்பது மணி. "மாமா, கொத்து சாப்பிடுவமா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் தட்டினான். கோழிக் கொத்து இரண்டு. திரையில் ஒன்று 1450 ரூபா. கொண்டுவரும் கூலி 180, சேவைக் கட்டணம் 120. அதன் கீழே பச்சை எழுத்தில் சலுகை 200. கூட்டிக் கழித்து 3000 ரூபா. "இருநூறு ரூபா லாபம் மாமா" என்றான். நானும் சந்தோஷப்பட்டேன்.

காலையில் பிளேன்டீ குடிக்க இறங்கினேன். எட்டு நிமிட நடையில் அதே கடை. சுவர்ப் பலகையில் கோழிக் கொத்து 1100. இரண்டுக்கு 2200. இருநூறு ரூபா லாபம் என்று நாங்கள் மகிழ்ந்த இரவில் எண்ணூறு ரூபா கூடக் கொடுத்திருக்கிறோம்.

கடை முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார். "நானா, எனக்கு முந்நூற்றைம்பது ரூபா கூட வருது என்டுதானே நினைக்கிறீங்க? நூற்றுக்கு முப்பது அவங்களுக்கு. 1450ல அவங்கட பங்கு போனா என்ட கைக்கு 1015. கடையில வந்து சாப்பிடுறவன் 1100 தாறான். அப்ப 85 ரூபா எனக்குத் துண்டு விழுது."

முப்பது வீதம் கழிவு என்றால் விலையில் முப்பது வீதம் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆகாது. 1100 முழுதாகக் கைக்கு வர வேண்டுமானால் 1570க்கு மேல் போட வேண்டும். கழிவு கூட்டிய விலையின் மேல்தானே விழுகிறது. "1570 போட்டா ஒருத்தனும் எடுக்கமாட்டான். அந்த 85 ரூபாவை யாரோ கட்டத்தானே வேணும்?" என்றேன். "கோழி கட்டுது" என்றார்.

இரவு சாப்பிட்ட கொத்தில் கோழியைத் தேடிய ஞாபகம் எனக்கு வந்தது.

அவரைத் திருடர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ லிட்றோ காஸ் சிலிண்டர் 1493 ரூபா. 2022 ஏப்ரலில் 4860. பிறகு இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவே இல்லை. தென்னை முக்கோணத்தில் ஒரு மூலை எங்கள் மாவட்டம். அப்படியிருந்தும் 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. இதற்கு நடுவில் முப்பது வீதத்தை எடுத்து வைத்துவிட்டு ஒருவர் எப்படி நியாய விலைக்குக் கொத்துப் போடுவார்? செயலியை விட்டு விலகலாமே என்றும் கேட்டேன். விலகினால் பக்கத்துக் கடை முன்னால் வந்துவிடும் என்றார்.

தமிழ்நாட்டில் சிலர் விலகிப் பார்த்தார்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் ஹோட்டல் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, 2025 ஜூலை 1 முதல் ஸ்விகி, சொமேட்டோ வழியாக உணவு கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கழிவு தாங்க முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். வாங்குகிறவர் பக்கக் கட்டணமும் சும்மா இருக்கவில்லை. சொமேட்டோ 2023 ஓகஸ்டில் ஓர் ஓடருக்கு 2 ரூபா என்று ஒரு சின்னக் கட்டணத்தைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு தீபாவளி நெருங்கும்போது அது 10 ரூபா. இரண்டு ரூபாவுக்காக யாரும் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அந்தக் கணக்குத் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள்.

கொத்தைக் கொண்டுவந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். சிலாபத்துப் பக்கம் வீடாம். மோட்டார் சைக்கிள் அவனுடையது, அதாவது லீசிங் முடியும்வரை கம்பனியினுடையது. பெற்றோல் அவன் காசு, டயர் அவன் காசு. கடையில் கொத்துத் தட்டி முடியும்வரை அவன் நிற்கும் இருபது நிமிடத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. பிறகு வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாய் என்று கேட்டேன். "ஓடல்ல அங்கிள், வலைக்குப் போனன்" என்றான்.

ஒரு கடை அவனை வேலைக்கு வைத்திருந்தால் சட்டப்படி சம்பளத்தில் 12 வீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளி கட்ட வேண்டும். செயலியில் அவன் ஊழியன் அல்ல, 'பங்காளி'. பங்காளிக்குச் சேமலாப நிதி கிடையாது. அந்தக் காலத்துச் சைக்கிள் பொடியனுக்கும் யாரும் நிதி கட்டவில்லைதான். ஆனால் அவன் விழுந்து காலை முறித்துக்கொண்டால் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பார், வராவிட்டால் ஊர் கேட்கும். இந்தப் பையன் விழுந்தால் திரையில் 'வேறு ஓட்டுநரைத் தேடுகிறோம்' என்று வரும்.

அன்றிரவு மேசையில் கிடந்ததை எண்ணிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, குழம்புக் கிண்ணம் இரண்டு, அவற்றின் மூடிகள் இரண்டு, கரண்டி இரண்டு, உள்ளே ஒரு பேக், வெளியே ஒரு பேக். இரண்டு கொத்துக்குப் பத்து சாமான். தடைச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017 செப்டம்பர் 1 முதல் லன்ச்சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கும் தடை. அந்தக் கடைசித் தடையைப் பத்திரிகையில் படித்தபோது மாமியின் பிரம்புத் தட்டு நினைவுக்கு வந்து கொஞ்சம் சிரித்தேன்.

சிரிப்பு நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொழும்பின் குப்பை எங்கே போக வேண்டும் என்று முடிவானது? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் மீத்தொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். அதன் பிறகு அரசாங்கம் வேகமாகக் கையிலெடுத்த இடம் எங்கள் மாவட்டத்து அருவக்காடு. வண்ணாத்திவில்லுப் பக்கம், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய நிலம். களப்பும் வில்பத்துக் காடும் அருகில். களனியிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவந்து புதைப்பது திட்டம். 2018இல் 'க்ளீன் புத்தளம்' என்று ஊரே கறுப்புக் கொடி பிடித்து மாதக்கணக்கில் உட்கார்ந்தது. பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். எதுவும் நிற்கவில்லை, 2019 ஓகஸ்டில் முதல் குப்பை லொறிகள் வந்தன.

கொழும்பில் ஒருவர் இரவு பத்து மணிக்குக் கொத்துச் சொல்கிறார். கூலி, கட்டணம், வரி எல்லாம் பில்லில் வரிவரியாக இருக்கின்றன. அந்தப் பெட்டியும் மூடியும் பேக்கும் கடைசியில் யாருடைய மண்ணுக்குப் போகும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. அந்த விலையை, கொத்தின் வாசம்கூடத் தெரியாத புத்தளத்தான் கட்ட வேண்டும் என்றுதான் திட்டம் போட்டார்கள். செயலியின் மறைந்த செலவு என்று பலரும் பேசுவதைக் கேட்கிறேன். எனக்கு எல்லாவற்றையும் விடக் கசப்பது இதுதான்.

செயலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவு வேலை முடித்து வரும் தாதிக்கும், பிள்ளைகள் இத்தாலியில் இருக்க இங்கே தனியாகக் கிடக்கும் மூத்தவர்களுக்கும் அது கை கொடுக்கிறது. வென்னப்புவவில் ஒரு தாய்க்கு ரோமில் இருக்கும் மகள் அங்கிருந்தே மதியச் சோறு ஓடர் பண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டணத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கை கால் சுகமாக இருக்கும் மருமகன் எட்டு நிமிட நடைக்கு எண்ணூறு ரூபா கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

இடியப்ப மாமி மௌத்தாகிப் பல வருடம். அவருடைய பேத்தி அதே தெருவில் இப்போது வாட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிறாள். காலையில் மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன் எடுத்துப் போகிறான், அவனுக்குக் கொடுப்பது எவ்வளவு என்று எல்லாருக்கும் சொல்லித்தான் வாங்குகிறாள். கொப்பி இல்லை, கடன் கேட்டால் போனில் குறித்துக்கொள்கிறாள்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், அடிக்கடி வாங்கும் கடையின் நம்பரைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் படம் பார்த்துவிட்டுக் கடைக்கு நேரே அழைத்து விலை கேளுங்கள். கரண்டி வேண்டாம், இரண்டாவது பேக் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடை நடை தூரத்தில் என்றால் ஒரு சட்டியோடு போங்கள். கவுண்டரில் நிற்கும் பையன் சிரிப்பான், பரவாயில்லை. பெட்டியை விடச் சட்டியில் கொஞ்சம் கூடவே போடுகிறார்கள். நான் இரண்டு கடைகளில் போய்ப் பார்த்துவிட்டேன்.