கொரிந்துவும் காஞ்சியும்

ஞானத்தைத் தேடி ஒரு பெண் காஞ்சிமாநகருக்கு வந்த சரிதத்தைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். வஞ்சியில் சமயவாதிகள் பலருடைய கொள்கைகளையும் செவிமடுத்தும் மனம் நிறைவெய்தாத மணிமேகலை, பஞ்சத்தால் வாடியிருந்த காஞ்சியை அடைந்து, அங்கே பசித்தவர்க்கெல்லாம் அமுதசுரபியால் சோறிட்ட பின்னரே அறவண அடிகளிடம் அறங்கேட்டு நோன்பு பூண்டாள் என்று அவள் பெயர் கொண்ட காப்பியம் சொல்லும். அவள் பௌத்தப் பெண். நான் எழுதப் புகுந்ததோ கிறிஸ்தவப் பெண்களைப் பற்றி. ஆயினும், தேவஞானத்தை வேண்டிப் பிரார்த்திக்கிற பெண் ஒருத்தி காஞ்சியில் வாழ நேருமாயின், இந்த முன்னோடியை அந்நியமாகக் கருத வேண்டுவதில்லை என்பது என் துணிபு.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடப்பவர், திறந்த கதவுகளின் வழியே தறியையும், அருகில் ராட்டையைச் சுழற்றித் தார் சுற்றும் பெண்களையும் காணலாம். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவராலேயே அது முடியாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை எறிந்து கொடுத்தாக வேண்டும். இக்காட்சியைக் காணுந்தோறும் எனக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ஸ்திரீகளின் நினைவு எழுகின்றது. தியத்தீரா ஊரினளான லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள். யோப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்கு அங்கிகள் தைத்துக் கொடுத்தவள். பிரிஸ்கில்லாள் தன் கணவனோடு கூடாரம் செய்து பிழைத்தவள். ஆதித் திருச்சபையின் பெண்களிற் பலர் நூலும் துணியும் கையாண்டவர்கள். ஆகையால் ஞானம் என்பது வேலையை ஒதுக்கிவிட்டு ஏகாந்தத்தில் அமர்வோர்க்கே வாய்க்கும் என்று எண்ண இடமில்லை.

பிரிஸ்கில்லாள் வாழ்ந்த கொரிந்து, வர்த்தகமும் கோயில்களும் நிறைந்த பட்டணம். யூதர்கள் ரோமாபுரியை விட்டு நீங்கும்படி கிலவுதியு ராயன் கட்டளையிட்டதனால் அவளும் அவள் கணவன் ஆக்கில்லாவும் அங்கே குடியேற, அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களுடன் தங்கி உழைத்தார். அப்பட்டணத்துக் கிறிஸ்தவர்களைக் கலங்கவைத்த வினா ஒன்றுண்டு: பிற தெய்வங்களுக்குப் படைக்கப்பட்ட உணவைப் புசிக்கலாமா, கூடாதா? அது இறந்துபோன பழங்கேள்வி என்று பிறவூரார் கருதலாம். காஞ்சியில் குடியிருக்கும் பெண்ணுக்கு அது வாசற்படியில் வந்து நிற்கும் கேள்வி. அடுத்த வீட்டு மாமி வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து வந்து, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் குடலை இட்லியை இலையில் வைத்து, "இந்தாம்மா, பிரசாதம், குழந்தைகளுக்குக் கொடு" என்று நீட்டும் கணத்தில், வேதசாஸ்திரப் புத்தகத்தைப் புரட்ட அவகாசம் ஏது?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதைப் பற்றி நீளமாகவே பேசுகிறார். அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பிறரைக் கட்டியெழுப்பும் என்பதே அவர் கருத்தின் சாரம். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் வைத்ததை விசாரியாமல் உண்ணலாம் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னாலோ, சொன்னவருடைய மனச்சாட்சியின் நிமித்தம் தவிர்க்கச் சொல்கிறார். தன் சுதந்திரம் பலவீனனுக்கு இடறலாகக் கூடாதென்றும் எச்சரிக்கிறார். சொல்லியே கொடுக்கப்படும் பிரசாதத்தைப் பணிவோடு மறுப்பவள் உண்டு. கொடுப்பவளின் அன்பை எண்ணி வாங்கிக்கொள்பவளும் உண்டு. என் மனத்தில் நிற்பது, மறுக்கிறவள் முகஞ்சுளிக்கிறாளா, "மாமி, எங்கள் வழக்கம் இப்படி, உள்ளே வந்து உட்காருங்கள், காபி சாப்பிட்டுத்தான் போக வேண்டும்" என்கிறாளா என்பதே. முந்தியவள் வசனங்களை நன்கு அறிந்திருக்கக்கூடும். பிந்தியவளிடத்திலேயே யாக்கோபு தம் நிருபத்தில் விவரிக்கும், சமாதானமும் சாந்தமும் இரக்கமும் நிறைந்த பரஞானத்தை நான் காண்கிறேன்.

பிரிஸ்கில்லாளிடம் இருந்ததும் அதுவே. எபேசு பட்டணத்தில், அலெக்சாந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ என்னும் சாதுரியமான வித்வான் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவனாய்ப் பிரசங்கித்தபோது, அவளும் அவள் கணவனும் அவனைச் சபை நடுவே மடக்கவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாக விவரித்தார்கள். கற்றவனுக்குக் கற்பிப்பதும், அவன் மானம் கெடாமல் கற்பிப்பதும் எத்தனை அரிது!

இந்த வழியைத் தமிழ்நாட்டில் பின்பற்றியவர்கள், வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்த வேதாகம ஸ்திரீகள். அவர்களைப் பயிற்றுவிக்கவே மதுரையில் ஈவா சுவிப்ட் அம்மையார் 1892-இல் ஒரு பள்ளியை நிறுவினார். பெண்ணின் ஞானம் அடங்கியிருத்தலே என்று சொல்லிச் செல்கிற பிரசங்கங்களை நான் ஒப்புவதில்லை. நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீ வயலை விசாரித்து வாங்குகிறாள், துணி நெய்து விற்கிறாள், ஞானம் விளங்கப் பேசுகிறாள்.

எனினும் எல்லாரினும் என் உள்ளத்தை ஆட்கொண்டவர் குளோரிந்தா அம்மையார். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவையாகிய அவர், லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்து அவரிடமே கிறிஸ்து மார்க்கத்தைக் கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோதோ, விவாகமின்றி வாழ்ந்த அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி, மிஷனரியாகிய சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். சொந்தச் சமூகமும் விலக்கிய பெண்ணைத் திருச்சபையும் வாசலில் நிறுத்திற்று. இத்தகைய காயம் எத்தனையோ பேரை வைராக்கியமுள்ள பகைவராக்கியிருக்கிறது. அவர் கசந்து போகாமல் காத்திருந்தார். அதிகாரி இறந்தபின், 1778-இல், அதே சுவார்ட்ஸின் கையால் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட அச்சபையின் பதிவேட்டில், பல சாதியாரான நாற்பது பேரில் முதற்பெயர் அவருடையது. அ. மாதவையா 1915-இல் வெளியிட்ட ஆங்கில நாவலுக்கு அவர் பெயரையே சூட்டினார்.

பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் வழங்கும் ஆலயத்தை அவர் எழுப்ப, சுவார்ட்ஸ் 1785-இல் அதைப் பிரதிஷ்டை செய்தார். ஆலயம் கட்டுமளவுக்குச் செல்வாக்கிருந்தும், தம்மிடம் குறைந்திருந்தது இன்னதென்று அவர் அறிந்திருந்தார். சபையைப் போதித்து வளர்க்க நிலையான உபதேசியார் வேண்டுமென்று, முன்னொருகால் தம்மை மறுத்த அதே மனிதரிடம் தயங்காமல் கேட்டார். சத்தியநாதன் என்னும் உபதேசியார் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790-இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று அச்சபைக்கே ஐயராகத் திரும்பினார்.