கரையில் எழுதும் பட்டியல், கடலில் ஓடும் படகு

போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கி வாழும் மக்களுக்குக் கடற்காவல் சம்பந்தமில்லாத விஷயமாகத் தோன்றக்கூடும். ஆயினும் இம்மலைச்சரிவுகளில் பறித்து உலர்த்தப்படும் ஏலக்காயில் ஒரு பகுதி அரபு நாடுகளுக்குக் கப்பலேறுகிறது என்பதையும், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், சமுத்திரத்தின் க்ஷேமத்தில் தோட்டக்காரருக்கும் பங்குண்டு என்பது விளங்கும்.

நம் கரையைக் காக்க வகுத்த கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற்கட்டம் 2005-இல் அங்கீகாரம் பெற்றது. மும்பையில் 2008-இல் நேர்ந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, 2011-இல் இரண்டாம் கட்டம் ஆரம்பமாயிற்று. கடலோரக் காவல் நிலையங்கள் எழுந்தன. 12 டன், 5 டன் ரோந்துப் படகுகள் வந்தன. நாட்டின் கரைகளிலும் தீவுகளிலுமாக 46 ராடார் நிலையங்கள் முதலில் நிறுவப்பட்டன. ஆகவே பொருள் வாங்கவில்லை என்று சொல்ல இடமில்லை. எந்தப் பொருள், யாருடைய சொல்லைக் கேட்டு வாங்கப்படுகிறது என்பதே என் கவலை.

தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாக நீள்கிறது. ஆனால் அது ஒரே சுபாவமுள்ள கடல் அன்று. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, மணல்திட்டுகள் மிகுதி. குமரிக்கு மேற்கிலோ தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலை கரையையே அறுக்கும். இவ்விரண்டுக்கும் தலைநகரத்து மேஜையில் ஒரே தேவைப்பட்டியல் தயாரானால், ஓரிடத்தில் படகு தரைதட்டும், மற்றோரிடத்தில் அலைக்குத் தாங்காது. ராடாருக்கும் ஒரு குறை உண்டு. மும்பைக்கு வந்த கொலைகாரர்கள் மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றித்தான் நம் கடலுக்குள் நுழைந்தார்கள். மரத்தாலும் ஃபைபராலும் ஆன சிறு படகுகளோ ராடார் திரையில் எளிதில் புலப்படுவதில்லை. இதைக் கடலில் திரிகிறவன் அறிவான். பட்டியல் எழுதும் வேளையில் அவனை அழைத்துக் கேட்பார் அரியர்.

போடியில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில், கணினியில் விலையைத் தட்டும் வியாபாரி, அதற்குமுன் மாதிரிக் காயைக் கையில் வாங்கி, பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து, மணத்தைப் பரீட்சித்த பிறகே ஒரு தொகைக்குத் துணிகிறார். அரசுக் கொள்முதலிலோ தொழில்நுட்ப உறையை முதலில் பிரித்து, தேறியவர்களுள் மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே பெரும்பாலும் ஆணை தருகிறார்கள். விளிம்பில் தேறிய சாதனம், அதனினும் பன்மடங்கு சிறந்ததை ரூபாய்க் கணக்கில் வென்றுவிடுகிறது. ஆயினும் பகிரங்கப் போட்டியே ஊழலைத் தடுக்கும் என்பாரின் அபிப்பிராயத்திலும் நியாயம் உண்டு.

கடலில் இருப்பவரின் தேவையை உணர்ந்து வகுத்த திட்டத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலில், கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்றிருந்த குமரி மாவட்டத்து மீனவருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைபேசியும் சாதாரண வானொலிக் கருவியும் அத்தனை தூரம் பேசுவதில்லை. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான, செயற்கைக்கோள் வழியே இருதிசையிலும் செய்தி போய்வரும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாயில் திட்டம் வகுத்து 2024-இல் தொடங்கியிருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது. அதே கருவி உயிரையும் காக்கும், கடல் எல்லை நெருங்குவதையும் உணர்த்தும்.

ஆனால் உப்புக்காற்று எந்த யந்திரத்துக்கும் தயவு காட்டாது. இணைப்பு முனை பச்சை பிடித்துப்போகும், மின்கலம் சோர்ந்துபோகும், உதிரிப்பாகம் தூரதேசத்திலிருந்து வந்து சேருமுன் பருவமே மாறிவிடும். வாங்குகிற நாளில் ரிப்பன் வெட்டப் பணம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் இஞ்சின் எண்ணெய் மாற்றுவதற்கும், படகைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டிப் பூச்சிடுவதற்கும், பயிற்சி பெற்ற ஓட்டுநரை அதே துறையில் நிலைக்கச் செய்வதற்கும் எந்தத் தலைப்பின்கீழ் செலவெழுதுவது என்ற கேள்வி எழுகிறது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, சாதனத்தின் விலையையும் அதன் ஆயுட்காலம் முழுவதற்குமான பராமரிப்பையும் கூட்டி ஒரே தொகையாக ஒப்பிட வேண்டும். உதிரிப்பாகங்களைத் தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பு வைக்க விற்பவரைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு பருவக்காற்று முழுவதும் அந்தந்தக் கடலில் ஓட்டிப் பார்த்து, சுக்கான் பிடித்தவர் எழுதிக்கொடுத்த குறிப்பு கோப்பில் சேர்ந்த பிறகே மீதித் தொகையைத் தர வேண்டும்.