ஒரு தாளும் பத்து விரலும்



மழை பெய்தால் போதும், பழைய நோட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் செய்து வாசல் தண்ணீரில் விட்டோமே, ஞாபகம் இருக்கா? இப்படிக் காகிதம் மடிப்பதையே ஒரு பெரிய கலையாக வளர்த்திருக்கிறார்கள் ஜப்பான் நாட்டு மக்கள். அதன் பெயர் ‘ஒரிகாமி’. ‘ஒரி’ என்றால் மடிப்பது, ‘காமி’ என்றால் காகிதம். கையில் ஒரு சதுரத் தாள் இருந்தால் போதும். கத்தரி வேண்டாம், பசை வேண்டாம். கொக்கு, தவளை, பூ, பெட்டி எல்லாம் விரலாலேயே வந்துவிடும்.

ஜப்பானில் நவம்பர் 11-ஐ ஒரிகாமி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஏன் அந்தத் தேதி? 11/11 என்று எழுதிப் பாருங்கள். நாலு ஒன்று வருகிறது. அது சதுரத் தாளின் நாலு பக்கம்!

தொக்கு விற்ற கலைஞர்

காகிதம் ஜப்பானுக்குப் போய் 1,300 வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் அது விலை அதிகமான பொருள். மலிவான பிறகுதான் சாதாரண மக்களின் வீட்டுக்குள் வந்தது. பெரியவர்கள் மடிக்க, பிள்ளைகள் பார்த்துப் பழகினார்கள். கொக்கு மடிப்பதற்கென்றே 1797-ல் ஒரு புத்தகம் வெளிவந்தது.

இந்தக் கலையை உலகம் மதிக்கச் செய்தவர் அகிரா யோஷிசாவா. 1911-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 13 வயதில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். பிறகு வேலையை விட்டுவிட்டுக் காகிதமே கதி என்று உட்கார்ந்தார். வயிற்றுப்பாட்டுக்குக் கடல்பாசித் தொக்கை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். பல வருடம் வறுமைதான். 1950-களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை அவர் மடித்த விலங்குகளை வெளியிட்டது. அதன் பிறகே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

எப்படி மடிப்பது என்பதைப் புள்ளிக்கோடு, அம்புக்குறி போட்டுக் காட்டும் முறையை உருவாக்கியவரும் அவர்தான். அதனால் ஜப்பான் மொழி தெரியாதவரும் படத்தைப் பார்த்தே மடிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கற்றுக்கொள்ளலாம். அவர் 2005-ல் காலமானார்.

சடாகோவின் கொக்குகள்

1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி இரண்டு வயதுக் குழந்தை. அன்று உயிர் தப்பினாள். ஆனால் 1955-ல் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. சடாகோ ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே மடித்தாள். தாள் கிடைக்காதபோது மருந்து சுற்றி வந்த காகிதத்தையும் விடவில்லை. ஆயிரத்தைத் தாண்டினாள் என்று அவள் அண்ணன் சொல்லியிருக்கிறார். இருந்தும் அந்த அக்டோபரில், 12 வயதில், இறந்துபோனாள்.

அவளோடு படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டக் கிளம்பினார்கள். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1958-ல் ஹிரோஷிமாவில், குண்டுக்குப் பலியான குழந்தைகளுக்காக நினைவுச் சின்னம் எழுந்தது. அதன் உச்சியில் ஒரு சிறுமி கொக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். சிறுகச் சேர்ந்த பணம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததா?

நாமும் ஒன்று மடிப்போமா?

எளிதான ஒரு கிண்ணம் இதோ:

1. ஒரு சாண் அளவுள்ள சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். மடிப்பு உங்கள் பக்கமும் கூர்முனை மேலேயும் இருக்கட்டும்.

2. கீழே உள்ள வலது முனையைத் தூக்கி, இடது பக்க ஓரத்தின் நடுவுக்குச் சற்று மேலே தொடும்படி மடியுங்கள். மடித்த பகுதியின் மேல் விளிம்பு சாயாமல் கிடைமட்டமாக இருக்க வேண்டும்.

3. இடது முனையையும் இதேபோல் வலது பக்கம் மடியுங்கள்.

4. மேலே இரண்டு கூர்முனைகள் மிச்சம் இருக்கும். ஒன்றை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் மடக்குங்கள்.

5. வாயை விரியுங்கள். அவ்வளவுதான், கிண்ணம் தயார்!

பொரி, கடலை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் செய்தித்தாளில் செய்யாதீர்கள். அச்சு மை தின்பண்டத்தில் ஒட்டும். அச்சடிக்காத சுத்தமான தாளே நல்லது.

முதல் தடவை கோணலாகத்தான் வரும், விடாதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு தாள் கொண்டு வருவோம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்போம். ஜப்பானிலும் இந்தக் கலை அப்படித்தான் வளர்ந்தது.