முருங்கைக்கு மேடு கட்டுங்கள்!



லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை நின்றால் அந்த வீட்டில் கீரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோலா சிலாங்கூர் பக்கம் சங்க வேலையாகப் போகும்போது, "இந்த மண்ணுல முருங்கை நிக்க மாட்டேங்குது, அழுகிப் போயிடுது" என்று பலரும் குறைப்படுகிறார்கள். கைராசியைக் குறை சொல்லாதீர்கள். காரணம் வேறு.

முருங்கை இந்தியாவில் இமயமலை அடிவாரத்தில் தோன்றிய மரம். நம் பாட்டன் பூட்டன் ஊரின் வறண்ட காட்டிலும் மேட்டிலும் வளர்ந்து பழகியது. தடித்த வேரில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். வறட்சி முற்றினால் இலையை உதிர்த்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். 2014-இல் சிலாங்கூரில் தண்ணீரைப் பங்கிட்டுத் திறந்துவிட்டார்களே, அப்படிப்பட்ட காலத்திலும் வளர்ந்த முருங்கைக்குக் குடம் தூக்க வேண்டியதில்லை.

அதற்கு ஆகாதது தேங்கும் தண்ணீர். நம் கடலோரத் தோட்டங்கள் தாழ்வான களிமண் பூமி. ஒரு மழை பெய்தால் தண்ணீர் வடிய நாளாகும். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. ஈரம் கேட்கும் அந்தச் செம்பனைக்கே இங்கு வடிகால் வெட்டுகிறோம். முருங்கைக்குச் செய்ய வேண்டாமா?

செய்முறை சுலபம். வெயில் நன்றாக விழும் இடத்தில் இரண்டடி உயரம், நாலடி அகலத்துக்கு மண்ணை மேடாகக் குவியுங்கள். மணலும் மக்கிய சாணமும் கலந்துகொள்ளுங்கள். சுற்றித் தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிடுங்கள். அம்புட்டுத்தான்.

கொம்பு நடுவதானால் மணிக்கட்டுப் பருமனில், மூன்றடி நீளத்தில் முற்றியதாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவிட்டு, ஓரடி ஆழத்தில் ஊன்றுங்கள். கொம்பு சீக்கிரம் வளரும். ஆனால் வேர் மேலாகவே ஓடும், காற்றுக்குச் சாயும். விதை போட்டால் ஆணிவேர் நேரே இறங்கும். தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.-1 ரகம் விதையிலிருந்து ஆறேழு மாதத்தில் காய்க்கக்கூடியது.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது பழமொழி. பிள்ளை விஷயத்தில் நான் அதை ஏற்க மாட்டேன். முருங்கை விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். பிறகும் கைக்கெட்டும் உயரத்துக்கு மேல் விடாதீர்கள். முருங்கைக் கிளை சட்டென்று முறியும்; பிள்ளைகள் ஏறக்கூடாது. வாசலில் வைத்தால் பேய் வரும் என்பார்கள். வருவது கம்பளிப்பூச்சிதான்! அதனால் கொல்லைப்புறமே நல்லது.

மழை நீடித்தால் பூ உதிரும், இலைதான் மிஞ்சும். வெயில் நீண்டால் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாய் வந்து காய் பிடிக்கும். பூவையும் பொரியல் செய்யலாம். இலையில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. வளரும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் தாய்க்கும் வேண்டியவை.

ஓர் எச்சரிக்கை. பாராகுவாட்டை 2020-இல் அரசாங்கம் தடை செய்துவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் தோட்டத்தில் அடிக்கப்படுகின்றன. மருந்து பட்ட இடத்துக் கீரையைப் பறிக்காதீர்கள். லயத்தை ஒட்டி மருந்து அடித்தால் வாய்மூடி இருக்காமல் சங்கத்திடம் சொல்லுங்கள்.

கொல்லையில் கீரை இருக்கிறதே என்று எவரும் சம்பளத்தைக் குறைத்துப் பேச இடம் கொடுக்காதீர்கள். நியாயமான கூலி வேறு, கொல்லைக் கீரை வேறு. நாம் குடியிருக்கும் வீடும் மண்ணும் பெரும்பாலும் நம்முடையது அல்ல. சொந்த வீட்டுக்கான போராட்டம் தொடரத்தான் வேண்டும். தோட்டம் கைமாறி வேறிடம் போக நேர்ந்தால், மரத்தில் நாலு கொம்பை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். போன இடத்திலும் முதலில் மேடு கட்டிவிட்டு நடுங்கள்.